மோட்டார் சைக்கிளுக்கு மாட்டிய மஞ்சள் விளக்குகள்

எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். திருச்சியில் யாரோ ஓட்டிச் சலித்துப்போய் விற்ற பழைய வண்டி. நல்ல கனம். ஸ்டாண்டு போடுவதற்கே என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை ஒரு பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது.

அவர் கால்நடை ஆய்வாளர். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பதவியெல்லாம் தெரியாது, டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குன்னத்தைச் சுற்றியிருந்த கிராமங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. நாங்கள் குடியிருந்தது பெரம்பலூரில், வாடகை வீட்டில். நான் டவுனுக்கு வெளியே ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் இவர்தான். வண்டியில் ஏறி உட்காரும்போது சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார். அந்த ஓர் அசைவில் அவருடைய பெருமை முழுவதும் தெரியும்.

வண்டி வாங்கிய சில மாதங்களிலேயே குறை சொல்ல ஆரம்பித்தார். "லைட்டு சுத்தமா பத்தல. மெழுகுவத்தி மாதிரி எரியுது."

மாடுகள் கன்று போடுவதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் ஆள் வரும். கன்று குறுக்கே கிடக்கிறது, நஞ்சுக்கொடி விழவில்லை என்று சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார்கள். இவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிப் போய்வந்த ஒரு நாள் உடம்பெல்லாம் சேறாக வந்தார். பருத்திக் காட்டுப் பக்கம் ரோட்டோரக் குழியில் வண்டியை விட்டிருந்தார். மழை பெய்த கரிசல் மண், பசை மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "குழி இருக்கறதே தெரியலம்மா. என்ன லைட்டு இது, சனியன்" என்றார்.

பல்பை மாற்றினார். பிறகு பல்புக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக் குழிவை மாற்றினார். பிறகு பேட்டரியை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு மூன்று நாள் சந்தோஷமாக இருப்பார். அப்புறம் பழைய பேச்சு. வீட்டிலும் சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் இடித்துக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டுக்கு இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறவள் மேல் தடுக்கி விழப்போய், "பாதையில ஒக்காராதடி" என்று அவளைத் திட்டுவார். வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? பகலில் அவர் பேப்பரில் பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடி இல்லாமல் படிப்பார். ஊசியில் மருந்தை உறிஞ்சும்போது அளவுக்கோட்டைப் பிசகாமல் பிடிப்பார்.

கோடை விடுமுறையில் மகளை உடையார்பாளையத்தில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தது. போகிற வழியில் மெக்கானிக் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

"கூட ரெண்டு லைட்டு போடச் சொல்லியிருக்கேன். இனிமே கவலையில்ல."

பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மெக்கானிக்குக் காது சற்று மந்தம். அதனால் எல்லோரிடமும் உரக்கப் பேசுவார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "ஒக்காருங்க டீச்சர், வெயில் ஏறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்று கத்தினார். சந்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விளக்குகள் திருச்சியிலிருந்து வந்திருந்தன. லாரிக்கு முன்னால் மாட்டுகிற மாதிரி, ஆனால் சின்னவை, மஞ்சள் கண்ணாடி போட்டவை. இரும்புப் பட்டையை வெட்டி வளைத்து, துளை போட்டு, வண்டிக்கு முன்னால் காலுக்குக் காவலாக இருக்கும் கம்பியில் இரண்டு பக்கமும் இறுக்கினார். பெட்ரோல் டேங்கைக் கழற்றி, அதற்கு அடியில் வயரை இழுத்து, கறுப்பு டேப்பைச் சுற்றினார். ஹேண்டிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வந்தது. என் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், வயரைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பையன் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஒண்ணு சொல்லிப்புடறேன் சார்" என்றார் மெக்கானிக். "இந்த வண்டி பேட்டரி சின்னது. ஓடும்போது மட்டும் இதைப் போடுங்க. நிறுத்தி வச்சுட்டுப் போட்டீங்கன்னா எறங்கிடும். அப்பறம் தள்ளிக்கிட்டுத்தான் வரணும்."

வெயிலில் விளக்கு தெரியாது என்று வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளித் தகரக் கதவைச் சாத்தினார்கள். இன்ஜினைக் கிளப்பி சுவிட்சைத் தட்டியதும் கரி பிடித்த சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. சுவரில் அடித்திருந்த ஆணிகள், தொங்கிய பழைய டியூப்கள், ஒரு பல்லி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எனக்குக் கண் கூசியது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு" என்றார் அவர்.

மெக்கானிக் திருப்பினார்.

"இன்னும்."

"இதுக்கு மேல திருப்புனா ரோட்டுக்கு வெளிச்சம் வராதுங்க சார், கொல்லைக்குத்தான் போவும்."

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் அக்கா வழக்கம்போல எல்லா வேலையையும் பொழுதோடு முடித்து வைத்திருந்தாள். இருட்டிவிட்டால் அவள் கொல்லைப்பக்கம் கூடப் போக மாட்டாள். "எனக்கு மாலைக்கண்ணு, தெரியும்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கீரையும் ஈரலும் தின்றால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆண்டுக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தாள். அன்று தம்பியின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புது விளக்குகளைத் தொட்டுப் பார்த்தாள். "கல்யாண ஊர்வலத்துக்குப் போற வண்டியாட்டம் இருக்கு" என்றாள்.

திரும்பும்போது பொழுது இறங்கியிருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. அவை கிளப்பிய வெள்ளைப் புழுதி அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. டவுனைத் தாண்டியதும் அவர் சுவிட்சைத் தட்டினார். முன்விளக்கும் புது விளக்குகளும் சேர்ந்து ரோட்டில் விரித்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புளியமரங்களின் அடிமரத்தில் அடித்த வெள்ளைப் பட்டைகள் தூரத்திலிருந்தே வரிசையாகத் தெரிந்தன. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அப்போது இடப்பக்கம் சரிவில் பச்சையாய்ப் புள்ளி புள்ளியாக மின்னியது. ஒரு செம்மறிக் கூட்டம். கண்கள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. மேய்த்துக்கொண்டு வந்தவர் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தார். முன்னால் வந்த ஆடுகள் ரோட்டில் கால் வைத்துவிட்டன. என் கணவர் வேகத்தைக் குறைப்பார் என்று நினைத்தேன். குறைக்கவில்லை.

"ஏங்க, ஆடு" என்றேன்.

"எங்க?"

அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. பதற்றமில்லாமல் கேட்டார். ஆடுகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டன. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்தபோது வண்டி கூட்டத்துக்குள் இருந்தது. மெத்தென்று ஏதோ மோதியது, நாங்கள் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருக்குக் காலில் அடி. எழுந்து உட்கார்ந்தபோது ஒரு விளக்கு அணைந்திருந்தது. மற்றது தரையோடு தரையாகக் கிடந்து, சிதறி ஓடும் ஆட்டுக் கால்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

மேய்ப்பவர் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். "இம்மாம் பெரிய லைட்டப் போட்டுக்கிட்டு வரியே, கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

என் கணவர் அடிபட்ட ஆடு கத்திய திசையில் நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார். கைகளால் அதன் முதுகை மேலிருந்து கீழ்வரை தடவினார். பின்னங்கால்களைத் தூக்கிப் பார்த்தார். அது சினை ஆடு. அவர் கை அதன் வயிற்றில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

அதற்குள் மேய்ப்பவர் அவர் முகத்தை அடையாளம் கண்டுவிட்டார். ஓங்கிய கம்பு கீழே இறங்கியது. "டாக்டர் சாரா? நீங்களா? போன மாசந்தான நம்ம ஆட்டுக்கெல்லாம் ஊசி போட்டீங்க?"

"முதுகு ஒடிஞ்சு போச்சுய்யா" என்றார் இவர். "எந்திரிக்காது."

மனிதர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவற்றை ஓட்டிக்கொண்டு, இருட்டுக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காலுக்கு மருந்து போட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த எடப்பக்கத்து லைட்ட இன்னும் கொஞ்சம் திருப்பணும்."

"எனக்கு ஆடு தெரிஞ்சுதுங்க" என்றேன். "ரொம்ப தூரத்துலேருந்தே தெரிஞ்சுது. ஒங்களுக்கு ஏன் தெரியல?"

"நீ பின்னால சும்மா ஒக்காந்திருந்த. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தேன்."

"ஆடு ரோட்டுலதான நின்னுச்சு?"

அவர் என் கையைத் தட்டிவிட்டார். அதுவரை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. "ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று சத்தம் போட்டுவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே வண்டியை மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோனார். உடைந்த விளக்கைச் சரிசெய்துகொண்டதோடு, நடுவில் இன்னொன்றும் போடச் சொன்னாராம். பேட்டரி தாங்காது என்று மெக்கானிக் மறுத்திருக்கிறார். மறுநாள் நான் கடைத்தெருவிலிருந்து வரும்போது மெக்கானிக் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அன்று மட்டும் அவர் குரல் தணிந்திருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். நேத்து சாயங்காலம் மங்கின பொறவு நானே அந்த வண்டிய ஓட்டிப் பாத்தேன். லைட்டு நல்லாத்தான் இருக்கு. சாரைக் கொஞ்சம் கண்ணாஸ்பத்திரிக்கு அழைச்சுக்கிட்டுப் போங்க."

எனக்கு அழுகை வரவில்லை. அதுவரை தனித்தனியாகக் கிடந்தவையெல்லாம், வாசற்படி, தண்ணீர்ச் செம்பு, மகள் மேல் தடுக்கியது, ஆடு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. அன்று மாலை விளக்கு வைப்பதற்கு முன்னால் அவருக்கு இடப்பக்கமாக, ஓர் எட்டுத் தள்ளிப் போய் நின்றேன். பேசவில்லை. அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க போயிட்ட?" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். திருச்சிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது எதிர்த்துப் பேசவில்லை.

திருச்சியில் கண் டாக்டர் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்து ஒரு பேனாவைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்லச் சொன்னார். பேனா கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வரும்வரை இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணினவங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அம்மாவோட தாய்மாமன்தாங்க அப்பா."

"கூடப்பிறந்தவங்க யாருக்காவது ராத்திரியில பார்வை குறைவா?"

அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அக்காவை நினைத்தோம்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். இது கீரை தின்று சரியாகிற மாலைக்கண் இல்லை. கண்ணின் உள்படலம் ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறது. முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, நடுவில் மட்டும் கொஞ்ச காலம் நிற்கும். மருந்து இல்லை. ஆபரேஷனும் இல்லை. வண்டி ஓட்டக் கூடாது.

"எம் புள்ளைக்கும் வருமா சார்?" அவர் கேட்ட ஒரே கேள்வி அது.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தம் இல்லைங்கறதால அநேகமா வராது. ஆனா உறுதியா சொல்ல முடியாது."

அந்த 'அநேகமா'வை வைத்துக்கொண்டு நாங்கள் பல வருஷம் வாழ்ந்தோம். மகள் இருட்டில் ஓடும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வராது என்று நாங்கள் நம்பத் தொடங்கியபோது அவள் வளர்ந்து பெரியவளாகியிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சொட்டு மருந்தின் கூச்சம் தாங்காமல் அவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.  பெரம்பலூர் வருவதற்குச் சற்று முன்னால், "வண்டிய நிறுத்திட்டா வேலைக்கு எப்படிப் போறது?" என்றார். கேள்வி மாதிரி இல்லை. 

பகலில் பஸ்ஸிலும் நடையாகவும் போய்ச் சமாளித்தார். மாலையில் ஆள் வந்தால்தான் சிக்கல். பஸ் போகாத ஊர்கள் அவை. வர முடியாது என்று சொன்னால் மாடு செத்துப்போகும், ஊரில் ஏன் என்று கேட்பார்கள். ஒருநாள் அப்படி ஆள் வந்து நின்றபோது, நானே மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவர் பையை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன், கெளம்புங்க" என்றேன். பின்னால் உட்கார்ந்து இரண்டு தோளிலும் கை வைத்துக்கொண்டேன். வலப்பக்கம் ஏதாவது வந்தால் வலத்தோளைத் தட்டுவேன். இடப்பக்கம் வந்தால் இடத்தோளை. நிறுத்த வேண்டுமானால் இரண்டையும் அழுத்துவேன். விளக்குகள் எல்லாம் எரியும். வெளிச்சத்தில் நான் பார்ப்பேன், அவர் ஓட்டுவார். ஊர்க்காரர்கள் டாக்டர் பெண்டாட்டியைப் பிரிந்திருக்க மாட்டார் என்று கேலி பேசினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அது அபாயம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு மாலை. எதிரே வெங்காயம் ஏற்றிய மாட்டுவண்டி நடு ரோட்டில் வந்தது. நான் வலத்தோளைத் தட்டினேன். வலப்பக்கம் வண்டி, ஒதுங்கு என்று அர்த்தம். அவருக்கு அந்த நொடியில் என்ன தோன்றியதோ, வலப்பக்கம் திருப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மாட்டின் கொம்புக்கும் எங்களுக்கும் நடுவே இடமே இல்லை. எப்படியோ ஒடித்துத் திருப்பி வாய்க்காலில் கொண்டுபோய்ப் போட்டார். அவருக்கு ஒன்றுமில்லை. என் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு பள்ளிக்கூடம் போனேன். கரும்பலகையில் இடது கையால் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் அவர் எனக்குச் சோறு பிசைந்து கொடுப்பார், தலை பின்னிவிடப் பார்ப்பார். ஒரு நாள் பின்னிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு, "நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன்" என்றார். "என்ன பண்ணணுமோ பண்ணிக்கட்டும்."

அவர்கள் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் டவுன் மாட்டாஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். மருந்து கலப்பது, சீட்டு எழுதுவது. வண்டியை உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அன்று என் கணவர் வீட்டில் இருக்க விரும்பவில்லை. காலையிலேயே அக்காவைப் பார்க்க அரியலூருக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. 

போர்டு முடிவு வருவதற்கு முன், தை மாதத்தில் ஒருநாள் இருட்டிய பிறகு குன்னம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வீட்டுக்கு வந்தார். புதிதாக வந்த ஆய்வாளர் லீவில் இருந்தாராம். "மாடு கன்னு போட முடியாமக் கெடக்குங்க, வேற யாரும் இல்லீங்க. ஒங்க கையி பட்டாப் போதும்" என்று வாசலில் நின்று கெஞ்சினார். என் கணவர் தயங்கினார். பிறகு எழுந்து அந்த மனிதரின் தோளில் கை வைத்து, "வெளிச்சம் எனக்கு வேணாம். என்னய மாட்டுக்கிட்ட கொண்டுபோய் விட்டுரு" என்றார். இருவரும் தெருமுனையில் நின்ற மாட்டுவண்டியில் ஏறிப் போனார்கள். நான் மகளோடு வாசலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் விடிந்து வெயில் வந்த பிறகுதான் திரும்பினார். முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. 

"கன்னு செத்துத்தான் பொறந்துச்சு" என்றார். "தாய் பொழச்சுக்கிச்சு."

வெந்நீர் வைத்திருந்தேன். அவர் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து கைகளை நீட்டினார். நான் ஊற்றினேன். ரத்தம் கரைந்து ஓடி முடித்த பிறகும் அவர் கைகளை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.